கம்பளிக் கட்டைவிரல்

இடுக்கியில் சாசேஜ் ரோலைப் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் பெரில். நொடிமுள் பன்னிரண்டைத் தொடும் கணத்தில் இடுக்கி திறக்கிறது. ரோல் காகித உறைக்குள் விழுகிறது. "சே, அவசரம்," என்று தன்னையே திட்டிக்கொள்கிறார்.

"அவசரமா? ஆறியே போச்சும்மா!" என்கிறார் எதிரே நிற்கும் லாரிக்காரர்.

ஆஸ்திரேலியாவின் டால்பியில் எங்கள் ரொட்டிக்கடைக்கு வருகிறவர்களுக்கு இது பழகிவிட்டது. பதினாறு வருடமாக அங்கே அடுப்புப் பக்கம் நிற்கும் எனக்கும்தான். பெரிலுக்கு வயது ஐம்பத்தொன்பது. மாதத்தில் ஒரு ஞாயிறு, கால் மைல் நேர்ப்பாதையில் பழைய டொரானா காரை விரட்டுவார். தொடக்கக் கோட்டில் மூன்று மஞ்சள் விளக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக எரியும், பிறகு பச்சை. ஸ்டியரிங்கில் அழுத்தி வைத்திருக்கும் பட்டனை விட்டால்தான் கார் பாயும். பச்சைக்கு மயிரிழை முன்னால் பாய்ந்தாலும் சிவப்பு, வீட்டுக்குப் போகலாம். "அழுத்த எவனாலயும் முடியும். விடத் தெரியணும்," என்பார்.

பதினோரு வருடத்துக்கு முன் ராஸை விவாகரத்து செய்தபோது கார் பெரிலுக்கு வந்தது. தாமதப் பெட்டி ராஸோடு போனது. அந்தப் பெட்டி இருந்தால் முதல் மஞ்சளிலேயே விரலை எடுத்துவிடலாம். நாம் குறித்துவைத்த நேரம்வரை அது காரைப் பிடித்துவைத்திருக்கும். பெட்டிக்கு இடமில்லாத பிரிவுக்குப் போனார் பெரில். அங்கே கடைசி மஞ்சளைப் பார்த்துத்தான் விரலை விட வேண்டும்; கார் அசைவதற்குள் பச்சை வந்துவிடும். அவர் விரலோ அவசரக்குடுக்கை. சிவப்பு, சிவப்பு, மறுபடியும் சிவப்பு. முன்டயரில் காற்றை மாற்றிப் பார்த்தார். எஞ்சின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். கடைசியில், தானே பின்னிய கம்பளி உறை ஒன்றை வலது கட்டைவிரலுக்கு மட்டும் மாட்டினார். விரல் திணறியது, கார் பச்சைக்குப் பாய்ந்தது.

பந்தயத்துக்கு முன் கார்களைச் சோதனை பார்க்கும் டக் என்பவர் ஒவ்வொரு முறையும் அதைப் பிதுக்கிப் பார்ப்பார். "உள்ள ஒயர் கியர் இருக்கா?"

"விரல் இருக்கு. கழட்டித் தரவா?"

வருடத்தின் கடைசிப் பந்தயத்தில் எங்கள் ஊர்ப் பந்தய க்ளப்பில் யாருக்குமே பெட்டி கிடையாது. ராஸும் கழற்றிவைத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். வருடாவருடம் அவர் கேட்பது ஒன்றுதான்: "அந்தக் காரை எனக்குக் குடுத்துடு பெரில். எஞ்சினைக் கட்டினது நான்." இந்த வருடம், க்ளப் விருந்தில் கறி வாட்டிக்கொண்டிருந்த இடத்தில், எல்லார் முன்னாலும் பெரில் வாயை விட்டுவிட்டார். "என்னை ஜெயிச்சா எடுத்துட்டுப் போய்யா!"

அதன்பிறகு இரண்டு நாள் கடையில் ரோல்கள் உறைக்கு வெளியே விழுந்தன.

முதல் சுற்றிலேயே சீட்டுக் குலுக்கல் இருவரையும் எதிராளிகளாக நிறுத்தியது. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்தக் கார் போனால் பெரிலிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

முதல் மஞ்சள் எரிந்தது. ராஸின் கார் சீறிப் பாய்ந்துவிட்டது. பெட்டியையே நம்பிப் பழகிய கை, பெட்டி இல்லை என்பதை மறந்துவிட்டது. அவர் பக்கம் சிவப்பு. அப்போதே பெரில் ஜெயித்தாகிவிட்டது. ஆனாலும் அவர் அசையவில்லை. இரண்டாவது மஞ்சள், மூன்றாவது மஞ்சள். அவசியமே இல்லாமல், அத்தனை அழகாக, கம்பளி விரலை விட்டார்.

நேரச் சீட்டைக் கையில் கசக்கியபடி ராஸ் பெரிலின் காருக்கு வந்தார். "முதல் மஞ்சள்லயே விட்டுட்டேன்டி."

"நீ எப்பவும் அப்படித்தானய்யா."

ராஸ் தலையைக் குனிந்துகொண்டார். பெரில் கம்பளி உறையைக் கழற்றினார். ஜன்னல் வழியே ராஸின் கையைப் பிடித்து இழுத்து, அந்தத் தடித்த கட்டைவிரலில் அதை அடிவரை மாட்டிவிட்டார்.