நிக்கல் பிரேமுக்கு ரத்னாபாய் அடித்த கறுப்பு

பழைய பெயிண்டை உரிக்க, ரத்னாபாய் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் நனைத்த சாக்குத்துணியால் ஒரு லேடீஸ் சைக்கிள் பிரேமை இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் வெடித்திருந்தன. வேலை முடிந்ததும் கையைப் புளித்த மோரில் கழுவி, தேங்காயெண்ணெய் தடவச் சொல்லியிருந்தேன். கழுவுவாள். எண்ணெய் மட்டும் தடவ மாட்டாள். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காதாம்.

1943-ம் வருஷம். தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் அவள் கணவன் சத்தியநேசனின் சைக்கிள் கடை இருந்தது. முன்னால் கடை, நடுவில் முற்றம், பின்னால் வீடு. மாமியாருக்குக் காலில் ஆறாத புண். நான் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய்க் கட்டுப் போடும் நர்ஸ். காலையிலும் சாயங்காலமும் அங்கே போவேன். அதனால் இதையெல்லாம் பார்த்தேன்.

ரத்னாபாய்க்கு ஊர் மார்த்தாண்டம். அவள் அப்பா சவப்பெட்டி செய்கிற தச்சர். பெட்டிக்குக் கறுப்பு அடித்தே பிரஷை ஒரே இழுப்பில் இழுக்கப் பழகியிருந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம். யுத்தம் வந்து புது சைக்கிள் கிடைப்பது நின்றதும், பழசுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை நிறைய வந்தது. செயினும் பிரேக்கும் சத்தியநேசன் பார்ப்பான், பெயிண்ட் வேலை முழுக்க அவளுடையது. கடைப் பலகையில் மட்டும் அவன் பேர்.

முலாம் பூசிய இரும்பெல்லாம் சத்தியநேசனுக்கு ஒரே வெள்ளைதான். அவளோ இரும்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய நிக்கல் அணாவை வைத்துப் பார்ப்பாள். அந்தக் காசைப் போல லேசாக மஞ்சள் ஓடி மங்கியிருந்தால் நிக்கல். நீலம் ஓடி, முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி இருந்தால் குரோமியம். எதுவானாலும் வழுவழுப்பான முலாத்தின் மேல் நேராக அடித்த பெயிண்ட் நிற்காது. முதலில் உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாக வேண்டும். அப்புறம் சிவப்பு அடிப்பூச்சு, அதற்கு மேல்தான் கறுப்பு.

அந்த லேடீஸ் சைக்கிள் சரசம்மா டீச்சருடையது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு மிஷன் வெள்ளைக்கார மதாம்மாவிடம் வாங்கியது. பிரேம் முழுக்க நிக்கல். யாரோ அதன் மேல் அவசரமாகக் கறுப்பு அடித்து, அது பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. ஏற்கெனவே அந்த மாசத்தில் மணி, செயின், சீட் என்று டீச்சர் மூன்று தடவை வந்துபோயிருந்தாள்.

"இவிய மூணு நாளும் அவளுக்குச் சாயா வாங்கிக் குடுத்தாவ, நர்ஸம்மா. தோள்ல கெடந்த தோர்த்தால சீட்டத் தொடச்சுக் குடுத்தாவ. ஏழு வருஷத்துல எனக்கு ஒரு கட்டஞ்சாயா உண்டா?" என்றாள் ரத்னாபாய்.

மாமியார் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தாள்: "எட்டீ, நீ சைக்கிளா ஓட்டுக? உனக்கு எந்தச் சீட்டத் தொடைக்க?"

"ஒங்க மொவனுக்க மூஞ்சியத் தொடைக்கச் சொல்லுங்க. அவளக் கண்டா எண்ணெ வழியுது."

சத்தியநேசன் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. 'மிஸ்டர் சத்தியநேசன்' என்று யாராவது கூப்பிட்டால் குளிர்ந்துபோகிற ஆள். டீச்சர் அப்படித்தான் கூப்பிடுவாள். ரத்னாபாய்க்கு அது போதும். அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

மறுநாள், வெள்ளிக்கிழமை காலை போனபோது பிரேம் கறுப்படித்து முற்றத்தில் தொங்கியது. அத்தனை பளபளப்பு. யுத்தத்துக்கு முன் வாங்கியதில் மிச்சமிருந்த ஒரே உப்புத்தாள் ஜன்னலில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"தேய்க்கவில்லையா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"உரிந்துவிடுமே."

"உரியட்டு. மழ பட்டா ஒரு மாசம் தாங்காது. பள்ளிக்கூடத்துப் பிள்ளிய பாத்துச் சிரிக்கட்டு."

"கடைப் பேர் கெடும்."

"பலகையில எம் பேரா இருக்கு?"

எனக்குக் கட்டுப் போடும் வேலை இருந்தது. உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் டீச்சர் வந்தாள். முற்றத்துக்கே வந்து, காயத் தொங்கிய பிரேமைச் சுற்றிப் பார்த்தாள். "ரொம்ப நல்லாயிருக்கு. இனி உரியாது அல்லே, மிஸ்டர் சத்தியநேசன்?"

"உரிஞ்சா கொண்டு வாங்க டீச்சர். எத்தன தடவ வேணும்னாலும் வாங்க. நான் இங்கதான இருக்கேன், சும்மாவே சரியாக்கித் தாறேன்."

"அப்போ மாசம் ஒருதடவை வரணும் போலிருக்கே!"

"வரணும், வரணும்."

ரத்னாபாய் எனக்காக வெந்நீர் கொண்டுவந்துகொண்டிருந்தாள். வாசல்படியில் அப்படியே நின்றுவிட்டாள். டீச்சரை அவள் பார்க்கவே இல்லை, பிரேமைத்தான் பார்த்தாள்.

"மாசம் ஒருக்கா," என்றாள் மெதுவாக.

"தண்ணி ஆறுதுட்டீ!" என்று உள்ளேயிருந்து மாமியார் கத்தினாள்.

மறுநாள் காலை சந்து முனையிலேயே காஸ்டிக் சோடா நெடி அடித்தது. முதல் நாள் பார்த்த கறுப்பு முழுக்கத் தரையில் கூழாகக் கிடந்தது. நிக்கல் பிரேம் வெறுமனே நின்றது. சத்தியநேசன் பல் தேய்க்க எடுத்த உமிக்கரியைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்ல பெயிண்ட ஏம்டீ உரிச்ச? டப்பாவுல இனி பாதிதான் கெடக்கு."

"பாதி போதும். தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

உப்புத்தாளை நாலாகக் கிழித்து வைத்திருந்தாள். குழாயும் குழாயும் சேருகிற மூலைகளில் விரலை நுழைத்துத் தேய்த்தாள். நிக்கலின் மினுக்கம் போய்ச் சாம்பல் நிறம் ஏறியது. வெடித்த விரல் ஒன்றில் ரத்தம் கசிந்தது. நான் பஞ்சு எடுத்தேன், அவள் கையைத் தரவில்லை.

"இது அஞ்சு வருஷம் தாங்குமா?" என்று கேட்டேன்.

"பத்து," என்றாள். "பத்து வருஷத்துக்கு அவ இந்த நடை ஏறப்படாது."

ஒரு கையில் உப்புத்தாள் இருந்ததால் பிரேமைக் கவிழ்க்க மறு கை போதவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். பெடல் மாட்டுகிற குழாயின் அடிப்பக்கத்தை யாரும் குனிந்து பார்க்கமாட்டார்கள். கடைசித் துண்டு வெறும் காகிதமாகும் வரை அங்கே தேய்த்தாள். அப்புறம் கையை மோரில் கழுவித் துடைத்துக்கொண்டு, சிவப்புப் பூச்சைக் கலக்க உட்கார்ந்தாள்.