உள்ளுக்கு ஒண்டுமில்லாத சீன பன்

என்ரை மனுசன் செத்தாப் பிறகு வீட்டிலை நான் சமைக்கேல்லை. ஒராளுக்கு என்னத்தைச் சமைக்கிறது.

இண்டைக்கு சூரிச்சிலை என்னோடை ஒஃபிஸ் கிளீனிங் செய்யிற சீனாக்காரி லின், வெள்ளைப் பன் ஒண்டு தந்தா. மாவைப் புளிக்க வைச்சு ஆவியிலை அவிச்சதாம். சூடு ஆறேல்லை.

பிச்சுப் பார்த்தன். உள்ளுக்கு ஒண்டுமில்லை.

"கறி வைக்க மறந்திட்டீரோ?" எண்டு எனக்குத் தெரிஞ்ச டொச்சிலை, இஞ்சத்தைப் பாசையிலை, கேட்டன்.

லின் சிரிச்சா. "இது எங்களுக்கு உங்கடை சோறு மாதிரி. சோத்துக்குள்ளை கறி வைச்சோ நீங்கள் அவிக்கிறனீங்கள்?"

பாதியை இவருக்கு எண்டு டிஷ்யூவிலை சுத்தி பையுக்குள்ளை வைச்சிட்டன். பிறகுதான் நினைவு வந்தது.

எடுத்து அதையும் நானே சாப்பிட்டன்.

நாளைக்கும் கொண்டுவாறாவாம். கறி நான் கொண்டுவாறன் எண்டு சொல்லிப்போட்டன்.

இந்தப் பன்னுக்குப் பருப்போ, சம்பலோ? சாப்பிட்டுப் பார்த்த ஆக்கள் சொல்லுங்கோ.