நான்கில் இரண்டு மட்டும் எரிந்த ஞாயிறு

போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போனது. பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்தன. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கால் கொஞ்சம் தேறியது. வாய் திறக்கவே இல்லை.

முப்பது வருஷம் லோரி ஓட்டிய மனிதர். ஹாரனை விட அவர் சத்தம்தான் தெருவுக்கு முதலில் கேட்கும். அந்த மனிதர் சோறு வேண்டுமா என்று கேட்டால் சுவரைப் பார்த்தார். பேச்சுப் பயிற்சி கொடுத்த சீனப் பெண் படம் காட்டிக் காட்டி ஓய்ந்துபோனாள்.

எனக்குத் துக்கத்தை விட ஆத்திரம்தான் அதிகம். அதை மறைக்க மாட்டேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் தலையெழுத்து என்று சொல்லி, பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போனார்கள். மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டேன். தினமும் விளக்கேற்றினேன். எண்ணெய் தீர்ந்ததுதான் மிச்சம்.

இந்தச் சபையின் பத்திரிகையைப் படிக்கிற உங்களுக்கெல்லாம் தெரிந்த எஸ்தர் என் சிநேகிதி. சுங்கை சிப்புட் பக்கம் ஒரே எஸ்டேட்டில் பிறந்தவர்கள் நாங்கள். எஸ்டேட்டை விற்றதும் ஈப்போவுக்கு வந்து, இப்போது ஒரே பள்ளிக்கூட கேன்டீனில் வேலை செய்கிறோம். டிசம்பர் முதல் வாரம் அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"சரோ, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வா லா. அண்ணனையும் கூட்டிட்டு வா."

"உங்க சாமிக்கும் காது கேக்கலன்னா?"

"கேக்குற வரைக்கும் அங்க வந்து கத்து. என்கிட்ட கத்தி என்ன ஆகப்போகுது?"

போனேன். பொட்டோடு, பூவோடு போனேன். அவரைச் சக்கர நாற்காலியில் முன் வரிசை ஓரமாக நிறுத்தினேன். மேடைக்குக் கீழே, பச்சை இலை சுற்றிய வளையத்தில் நான்கு மெழுகுவத்திகள். இரண்டு எரிந்தன. இரண்டு எரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏற்ற மறந்ததை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். பாஸ்டர் அன்றைக்குப் பேசியதெல்லாம் ஒன்றுதான். காத்திருங்கள், பொறுமையாகக் காத்திருங்கள். எனக்கு வயிறு எரிந்தது. நாலு மாதம் காத்திருந்தவளிடமா இதைச் சொல்வது?

ஜெபம் வேண்டுகிறவர்கள் முன்னால் வரலாம் என்றார். முதல் ஆளாகப் போய் முட்டி போட்டேன். நான் செய்தது ஜெபமா என்று தெரியாது. சண்டை என்பதுதான் சரி.

"அன்னைக்குக் காலையில வாய மூடிக்கிட்டு இருங்கன்னு அவரைத் திட்டினது நான். அதுதான் கடைசியா பேசினது. தண்டிக்கணும்னா என்னைத் தண்டி. அவர் வாய எதுக்கு மூடின? திருப்பிக் குடு!"

இதுவரை யாரிடமும் நான் சொல்லாத விஷயம் அது. நிமிர்ந்தால் எரியாத அந்த இரண்டு மெழுகுவத்திகள் எதிரே நின்றன. எரிகிற ஒன்றை எடுத்து இரண்டையும் ஏற்றிவிட்டேன்.

சபையே மூச்சை இழுத்தது. மூப்பர் ஒருவர் ஓடி வந்தார். "ஐயோம்மா, இதெல்லாம் வர்ற வாரங்களுக்கு உள்ளது! நீங்க பாட்டுக்கு ஏத்துறீங்களே!" என்றபடி குனிந்து, வாயைக் குவித்து, பூ என்று ஒன்றை ஊதி அணைத்தார். அடுத்ததற்குக் குனிந்தார்.

"ஊதாதடா!"

பின்னாலிருந்து வந்தது. கரகரத்த, கோணலான குரல். நான் திரும்பினேன். என் வீட்டுக்காரர் இடது கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்திருந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. எங்கள் வீட்டில் விளக்கை வாயால் ஊதினால் அவருக்கு வரும் கோபம் எனக்குத் தெரியும். பூவால்தான் அமர்த்த வேண்டும். மறுபடியும் கத்தினார். "ஊதாத!"

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எஸ்தர் ஓவென்று அழுதாள். மூப்பர் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மிச்சமிருந்த மூன்றையும் பாஸ்டர் ஆராதனை முடியும் வரை எரியவிட்டார்.

அதற்கப்புறமும் என் கோபம் தீரவில்லை. சர்ச்சுக்குப் போனதற்குச் சொந்தக்காரர்கள் திட்டினார்கள். இங்கே சிலர் பொட்டை எப்போது அழிப்பாய் என்று கேட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். நாலு மாதம் அவர் வாய் மூடிக் கிடந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பால்குடம் எடுத்துவிட்டேன். ஞாயிறு தவறாமல் அவரை இங்கேயும் தள்ளிக்கொண்டு வருகிறேன். நன்றி சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பயிற்சியில் இப்போது நாற்பது வார்த்தை வரை வருகிறது. பாதி வசவுதான். அவர் கத்தும்போது நான் எதிர்ப்பேச்சு பேசுகிறேன். ஆனால் வாயை மூடுங்கள் என்று மட்டும் சொல்வதில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கஷ்டம் இருந்தால், நல்ல பிள்ளை மாதிரி கைகட்டி நிற்காதீர்கள். ஆண்டவரிடம் போய்ச் சண்டை போடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் போட்டுப் பார்த்தவள், சொல்கிறேன்.