இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினால்

உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு டப்பா. அதில் பச்சையாக ஒன்று, சிவப்பாக ஒன்று என்று இரண்டு பட்டன்கள். அதை அண்ணியின் கையில் முதன்முதலாக வைத்த மாலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சாரம் பகுதியில் எங்கள் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவர் அண்ணி. அரியாங்குப்பம் போகிற வழியில் ஸ்கூட்டர் சறுக்கி, கழுத்தில் அடிபட்டு, கால்கள் அசைவற்றுப் போயின; விரல்களிலும் பாதிப் பலம்தான் மிஞ்சியது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டுமென்றால் அண்ணன்தான் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அவர் கடைக்குப் போய்விட்டால் திரும்பும்வரை அண்ணி மேற்கூரையைப் பார்த்துக் கிடப்பார். டியூஷனை மறுபடி தொடங்கலாமே என்று ஒருநாள் சொன்னேன். "படுத்துக்கிட்டெல்லாம் பாடம் எடுக்க மாட்டேன் தம்பி. நானா எழுந்து உக்காரணும்," என்றார்.

உப்பளம் பகுதியில் மின்சாரப் பேனல் செய்யும் பட்டறையில் எனக்கு வேலை. மோட்டாரால் நீண்டு சுருங்கும் தண்டு ஒன்றை வாங்கிக் கட்டிலுக்கடியில் பொருத்தினேன். மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் தண்டு நீண்டு முதுகைத் தூக்கும். திசை மாறினால் சுருங்கி இறக்கும். அதற்கு, பட்டனை அமுக்கினால் மின் இணைப்பை மாற்றிவிடும் ரிலே, பட்டனுக்கு ஒன்றாக இரண்டு வைத்தேன். ஒன்று மோட்டாரை பேட்டரியோடு நேராக இணைக்கும், மற்றது தலைகீழாக.

அன்று கட்டில் பாதி உயர்ந்தபோது அண்ணியின் விரல் நழுவி இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிவிட்டது. நேர் இணைப்பும் தலைகீழ் இணைப்பும் ஒன்றோடொன்று மோதி ஷார்ட்டாகி, பட்டென்று பியூஸ் போயிற்று. படுக்கவும் இல்லாமல் உட்காரவும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டார். அண்ணன் பதறிப்போய், "சுவிட்சு என்கிட்டயே இருக்கட்டும். நான் அமுக்கி உடறேன்," என்றார்.

"அப்ப நீங்க சுத்தற கைப்பிடியே போதுமே, இது எதுக்கு?" அண்ணியின் குரல் உயரவில்லை. என் பக்கம் திரும்பினார். "என் விரலு இனிமே இப்படித்தான். அத மாத்த முடியாது. உன் டப்பாவ மாத்து."

அதுவரை இரண்டையும் சேர்த்து அமுக்கவிடாமல் தடுப்பது எப்படி என்றே என் புத்தி ஓடிக்கொண்டிருந்தது. அமுக்கினால்தான் என்ன என்று அப்போதுதான் யோசித்தேன். எல்லா ஒயரையும் பிரித்துவிட்டு, மோட்டாரின் ஒவ்வொரு முனைக்கும் தனித்தனி ரிலே கொடுத்தேன். சும்மா இருக்கும்போது இரண்டு முனையும் நெகட்டிவில் கிடக்கும். ஒரு பட்டனை அமுக்கினால் அதற்குரிய முனை மட்டும் பாசிட்டிவுக்கு மாறும், தண்டு நகரும். இரண்டையும் அமுக்கினால் இரண்டு முனையும் பாசிட்டிவுக்கே போய்விடும். மின்சாரம் பாய வழியில்லை. மோட்டார் நிற்கும், அவ்வளவுதான். காலிக் கட்டிலை வைத்துக்கொண்டு கை ஓயும்வரை அமுக்கிப் பார்த்தேன்.

அண்ணி என் பேச்சை அப்படியே நம்பிவிடவில்லை. பாதி உயர்ந்ததும் வேண்டுமென்றே உள்ளங்கையால் இரண்டையும் அழுத்தினார். கட்டில் சத்தமில்லாமல் நின்றது. கையைத் தளர்த்தி, பச்சையை மட்டும் அமுக்கினார், மறுபடி உயர்ந்தது. தாங்கிப் பிடிக்க அண்ணன் நீட்டிய கையை, "வேணாம், உடுங்க," என்று தடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் பிள்ளைகள் வந்தார்கள். அண்ணியை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் வாசலிலேயே தயங்கினார்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அண்ணி, "ஏன் அங்கயே நிக்கறீங்க? உள்ள வாங்க. பின்னத்துலதான விட்டோம்?" என்றார்.

இன்றும் வேலை முடிந்து வந்தபோது, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைத் தாண்டித்தான் நான் வீட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தது.