ஒரு ஸ்ப்ளிட் பின்னும் என் வயிற்றெரிச்சலும்

அவளைக் கண்டால் எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கதையைக் கேட்டுவிட்டு என்னை நல்லவள் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் இருவரும் சிங்கப்பூரில், சாங்கி விமான நிலையம் பக்கம் ஒரு ஹேங்கரில் விமானங்களைப் பழுதுபார்க்கிறவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மாதா கோயிலில் தமிழ்ப் பூசை பார்க்கிறவர்கள். நான் வந்து பதினொரு வருடம், அவள் வந்து நான்கு. எங்கள் தொழிலில் முடித்த வேலைக்குக் கையெழுத்திட லைசென்ஸ் வேண்டும், அதற்கு வரிசையாகப் பரீட்சைகள். எலெக்ட்ரானிக்ஸ் பரீட்சை மட்டுமே என்னை மூன்று முறை கவிழ்த்தது. தட்டுத்தடுமாறி ஒருவழியாக நான் லைசென்ஸ் வாங்கிய அதே மாதம் அவளும் வாங்கினாள், எல்லாவற்றையும் முதல் தடவையே பாஸ் செய்து. அதைக் கொண்டாட என்னை சிராங்கூன் சாலைக்கு அழைத்துப்போய் வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தந்தாள். எல்லாம் அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று பரிமாறுகிறவரிடம் வேறு சொன்னாள். மீன் தலைக் கறி பிரமாதம் என்று பக்கத்து மேசையில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

போன வருடம் எங்கள் ஹேங்கருக்குப் புது ரக விமானம் ஒன்று வரப்போவதாக முடிவானது. அதில் வேலை செய்து கையெழுத்திடத் தனிப் பயிற்சி உண்டு. எங்கள் ஷிப்டுக்கு ஒரே ஒரு சீட்டு. நான் விண்ணப்பித்தேன். அவளும் விண்ணப்பித்தாள். பதினொரு வருடம் நின்றவளுக்கா, நேற்று வந்தவளுக்கா?

ஒரு நாள் காலை அவள் இறக்கைக்கு அருகில் மேடை போட்டு ஏறி நின்று வேலை செய்துகொண்டிருந்தாள். இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசைகிற தகடு ஒன்று உண்டு, விமானம் சாய்ந்து திரும்புவது அதனால்தான். எண்ணெய் அழுத்தத்தில் நீண்டு சுருங்கி அந்தத் தகட்டை அசைக்கிற கருவியை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் கீழே நின்று, ஒரு நிமிடம் இறங்கி வா என்று கூப்பிட்டேன். சீட்டு யாருக்கு என்று முடிவாகிவிட்டதாகக் கேன்டீனில் பேச்சு. அவளுக்கு ஏதாவது மெயில் வந்ததா என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். எதுவும் வரவில்லையாம். பத்து நிமிடம் கிண்டிக் கிண்டிக் கேட்டேன். கடைசியில், அக்காவுக்குக் கிடைத்தால்தான் நியாயம் என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்பார்களே, அது.

மதியம் அந்த வேலைக்கு இரண்டாவது பார்வை என் முறை. விமானத்தைத் திருப்புகிற உறுப்புகளில் கை வைத்தால், செய்தவர் பார்த்தது போதாது. அந்த வேலையில் கை வைக்காத இன்னொருவர் தனியாக ஏறிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மற்றவர்கள் வேலையை நான் பதினைந்து நிமிடத்தில் பார்த்து முடிப்பேன். அவள் வேலை என்றால் நாற்பது நிமிடம். டார்ச்சும் கண்ணாடியுமாக, பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி பார்ப்பேன். அதுவரை ஒரு குறை அகப்பட்டதில்லை.

அன்றைக்கு அகப்பட்டது. கருவியைப் பிடித்திருக்கும் போல்ட்டில் நட்டை முடுக்கியபின், அது கழலாமல் இருக்க ஸ்ப்ளிட் பின் ஒன்றைச் செருகுவோம். கொண்டை ஊசி போல இரண்டு கால் உள்ள சின்னக் கம்பி. செருகியதும் கால்களை மடக்கிவிட வேண்டும். அவள் செருகியிருந்தாள், மடக்கவில்லை. இரண்டு காலும் நேராக நீட்டிக்கொண்டிருந்தன. அப்படியே பறந்தால் அதிர்வில் பின் விழும், பிறகு நட்டு மெல்ல மெல்லக் கழலும், அதற்கு மேல் நினைக்கவே கூடாது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பழம் நழுவிப் பாலில் விழுந்ததே என்றுதான் நினைத்தேன். பயம் அப்புறம்தான் வந்தது. படம் எடுத்தேன், எழுதினேன், மேலதிகாரிக்கு அனுப்பினேன். சட்டப்படி அதுதான் சரி. யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. பின்னை மடக்கி, எல்லாவற்றையும் மறுபடி பார்த்து, விமானத்தை வெளியே அனுப்ப மூன்று மணி நேரம் தாமதமானது.

இரண்டு நாள் கழித்து மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். சீனர், அதிகம் பேசாதவர். கூர்மையான பார்வை என்று பாராட்டினார். இந்த நேரத்தில் இப்படி ஒரு தவறு செய்தவளைப் பயிற்சிக்கு அனுப்புவது கஷ்டம், சீட்டு அநேகமாக எனக்குத்தான் என்றார். பிறகு, தவறு எப்படி நடந்தது என்று அவள் எழுதிக்கொடுத்த படிவத்தைக் காட்டி, இதில் சேர்க்க ஏதாவது உண்டா என்று கேட்டார். வேலையின் நடுவில் யாராவது உங்களை அழைத்தார்களா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. 'இல்லை. என் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தாள்.

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. பின்னைச் செருகி, இடுக்கியை எடுக்கப்போன சமயம் நான் கூப்பிட்டிருக்கிறேன். பாதியில் எழுந்துபோனவர் திரும்பி வந்தால் மூன்று படி பின்னால் போய் மறுபடி தொடங்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பால பாடம். அவள் அதைச் செய்யவில்லை, அது அவள் தப்பு. ஆனால் அவளைப் பாதியில் இறக்கியவள் நான். சேர்க்க எதுவுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் எனக்கு முன் வரிசையில் இருந்தாள். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்ததும் எல்லோரும் திரும்பிக் கைகூப்பினார்கள். அவளும் திரும்பினாள். வழக்கமான அதே சிரிப்பு. என்னைக் காட்டிக்கொடுக்காததை ஒரு பெரிய காரியமாகவே நினைக்காத முகம். அடிப்பாவி, நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாயே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரீட்சையில் முந்தினாய், பொறுத்தேன். இதிலுமா? நற்கருணை அப்பம் வாங்கக்கூட எழுந்துபோகாமல் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை போய்ப் படிவம் கேட்டு வாங்கினேன். அவள் பின்னைச் செருகிய நேரத்தில் சொந்த விஷயம் பேச நான்தான் கீழே அழைத்தேன், பத்து நிமிடம் நிறுத்திவைத்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேலதிகாரி அதைப் படித்துப் பார்த்தார். இதை எழுதத் தைரியம் வேண்டும் என்றார். தைரியமாவது, மண்ணாவது.

அடுத்த வாரம் சீட்டு அவளுக்குப் போனது. எனக்கு ஒரு மாதம் இரண்டாவது பார்வைக்குப் போக அனுமதி இல்லை, அதோடு கவனச்சிதறல் பற்றிய வகுப்பு மறுபடியும். அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஏன் அக்கா எழுதுனீங்க? நான்தான் ஒண்ணும் சொல்லலையே. பேசாம இருந்திருந்தா சீட்டு உங்களுக்குத்தான் லா."

"நீ மட்டும் நல்லவளா இருப்பே, நான் அதைப் பார்த்துக்கிட்டே இருக்கணுமா?"

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து, அவள் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.