கப்பலில் பிறந்த கன்று

அந்தமானில் வண்டூரில் குடியேற மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தபோது, எங்கள் பசு மேல்தட்டிலேயே கன்று ஈன்றது. கப்பல் ஆடிய ஆட்டத்தில் கன்றால் எழுந்து மடியைத் தேட முடியவில்லை. உடம்பு சில்லிட்டுக்கொண்டே வந்தது. அதற்குள் சீம்பால் கேட்டுப் பயணிகள் டம்ளரும் தூக்குவாளியுமாக வந்துவிட்டார்கள்.

“கொடுத்துடு. சீம்பால் குடிச்சா கன்னுக்கு வயிறு கழியும்” என்றார் என் கணவர்.

“கன்னு குடிச்சப்புறம்தான் யாருக்கும்!” என்று சொல்லிவிட்டு, கறந்த சூட்டோடு, பாலில் நனைத்த விரலைச் சப்பக் கொடுத்தே குடிக்கவைத்தேன். எல்லோரும் முணுமுணுத்தார்கள்.

மறுநாள் போர்ட் பிளேரில் அது தன் காலால் நடந்து இறங்கியது. முணுமுணுத்தவர்களே கைதட்டினார்கள்.

இன்று அந்தக் கன்றே தாயாகிவிட்டது. எங்கள் தொழுவத்தில் எந்த மாடு ஈன்றாலும் முதல் பால் கன்றுக்குத்தான். தூக்கோடு வரும் பெங்காலிப் பக்கத்து வீட்டாரை, “பஹலே பச்சா!”, முதலில் குட்டிக்கு, என்று இந்தியில் சொல்லி வாசலிலேயே நிறுத்துபவர் என் கணவர்தான்.