நான் பாஸ் என்று நினைத்த காகிதம்

2005ஆம் ஆண்டு, லண்டன் ரயில்களில் குண்டு வெடித்த கோடைக்காலம். நான் ஈஸ்ட் ஹாமில் இன்னொருவரோடு ஒரே அறையில் இருந்தேன். என் அகதி வழக்கு அப்பீலில் கிடந்தது. மனைவியும், நான் ஒருமுறைகூடத் தூக்கியிராத மகளும் வவுனியாவில். வேலை செய்ய அனுமதி இருந்ததால் ஒரு பெட்ரோல் நிலையத்தில் மத்தியான ஷிப்ட் செய்துவந்தேன். முதுகில் எப்போதும் ஒரு பை. அதற்குள் யூனிபார்மும் சோற்றுப் பெட்டியும்.

ஒருநாள் ரயில் ஸ்டேஷன் வாசலில் பொலிஸ் மறித்தது. பையைக் கிளறிப் பார்த்தார்கள். பெயர், விலாசம் கேட்டுப் படிவம் ஒன்றை நிரப்பி, அதன் பிரதியைத் தந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். என் ஆங்கிலம் அப்போது பெட்ரோல் விற்க மட்டும்தான் காணும். அந்தக் காகிதத்தை நான் என்னவென்று நினைத்தேன் தெரியுமா? பாஸ் என்று! வவுனியாவில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே ராணுவம் எழுதித் தரும் பாஸ் இல்லாமல் ஒரு சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. 'சோதித்தாயிற்று, இவன் போகலாம்' என்று இவர்களும் எழுதித் தந்திருக்கிறார்கள் என்று நம்பி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை மறித்தபோது, கேட்க முன்னமே எடுத்து நீட்டினேன். அதை வாசித்த பொலிஸ்காரர் மற்றவரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஏற்கெனவே ஒருமுறை மறிக்கப்பட்டவன் அல்லவா, இந்தமுறை சோற்றுப் பெட்டியையும் திறக்க வைத்தார்கள். சனம் பார்த்துக்கொண்டு போனது. பழைய பாஸுக்குத் தவணை முடிந்திருக்கும், இனிப் புதியதைக் காட்டுவோம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மடையன்! ஒக்டோபருக்குள் ஒன்பது சேர்ந்துவிட்டன.

அதே வாசலில் கறுப்பினப் பெடியன்களையும் அடிக்கடி மறிப்பார்கள். அவர்கள் ஏதாவது செய்திருப்பார்கள் என்று நினைத்து நான் ஒதுங்கிப் போயிருக்கிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஒன்பதாம் முறை என்னைச் சோதித்து முடியும்வரை ஒரு கறுப்பினப் பெண் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொலிஸ் போனதும் கிட்ட வந்து, உறைக்குள் இருப்பதைப் பார்க்கலாமா என்று கேட்டார். ஒன்பதையும் நின்ற இடத்திலேயே வாசித்தார். பிறகு, இது அனுமதி அல்ல, உன்னை ஏன் மறித்தார்கள் என்று அவர்கள் எழுதித் தரவேண்டிய பதிவு என்று எனக்கு விளங்கும்படி நிதானமாகச் சொன்னார். ஒன்பதிலும் காரணம் ஒன்றுதான்: பை. அவருடைய மகனையும் இப்படித்தான் மறிக்கிறார்களாம். சனிக்கிழமை தேவாலய மண்டபத்தில் இதுபற்றிப் பொலிஸோடு கூட்டம் இருக்கிறது, வா என்றார். என் வழக்கைச் சொன்னேன். அப்படியென்றால் வாயே திறக்க வேண்டாம், சும்மா வந்து இரு என்றார்.

அறைக்கு வந்து சொன்னதும் கூட இருந்த அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது.

"உனக்கென்ன விசரே? கேஸ் முடியுமட்டும் வாயைப் பொத்திக்கொண்டிரு. மனிசியையும் பிள்ளையையும் கூப்பிடுற எண்ணம் இல்லையோ?"

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் போனேன், கடைசி வரிசையில் இருந்தேன். அந்தத் தாய் எழுந்து, பள்ளிக்கூடம் போகும் வழியில் தன் மகனை ஐந்து தடவை மறித்ததைச் சொன்னார். காகிதங்கள் எங்கே என்று முன்னால் இருந்த பொலிஸ் அதிகாரி மரியாதையாகவே கேட்டார். மகன் ஆத்திரத்தில் கிழித்துப் போட்டுவிட்டான். அப்படியானால் விசாரிப்பது கடினம் என்றார் அதிகாரி. பிறகு என் பக்கம் பார்த்து, மற்றச் சமூகங்களிடமிருந்து இப்படி முறைப்பாடு வருவதில்லை என்றார்.

அந்தத் தாய் என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. சட்டைப் பையில் எல்லாம் இருப்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் பார்க்கவில்லை. அதுதான் என்னை எழுப்பியது. போட்டோவில் மட்டும் பார்த்த மகளின் முகம் கண்ணுக்குள் நின்றது. என்னிடம் ஒன்பது இருக்கிறது என்று சொல்லி, மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அதிகாரி ஒவ்வொன்றாக வாசித்தார். இத்தனை நாளும் ஏன் முறையிடவில்லை என்று கேட்டார்.

"இதைப் பாஸ் என்று நினைச்சன்," என்றேன், தெரிந்த ஆங்கிலத்தில்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

பல கூட்டங்களுக்குப் பிறகு, யாரை எதற்காக மறித்தோம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த மண்டபத்தில் வாசிக்கப் பொலிஸ் சம்மதித்தது. மறிப்பது குறைந்ததே தவிர நிற்கவில்லை. எனக்கு அடுத்த வருடம் விசா கிடைத்தது. அதுவரை வந்த ஒவ்வொரு கடிதத்தையும் பயந்து பயந்துதான் உடைத்தேன்.

தெருவில் நடக்க எவரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை என்று தெரிந்ததால்தான் அந்தப் பிள்ளை தன் காகிதங்களைக் கிழித்தான், அது தெரியாததால்தான் நான் பத்திரப்படுத்தினேன் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.